சோளகத்தில் வந்த கோயில்

சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 700 வருடங்களுக்கு முன்பு தமிழர் ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். கோயில் போய்விட்டது. கற்கள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியவர்கள் தமிழர் அல்லர்.

வவுனியா பஸார் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றினால் பாதிச் சீனாவைப் பார்த்த மாதிரித்தான். கைத்தொலைபேசி உறை, ரோச் லைற், பிளாஸ்டிக் வாளி, கலியாண வீட்டுச் சோடனைப் பூ, பிள்ளைகளின் புத்தகப் பை என்று எதைப் புரட்டினாலும் அடியில் பிறந்த ஊர் எழுதிக் கிடக்கும். வசதியுள்ள வியாபாரிகள் நேரே போய்ச் சாமான் எடுத்து வருகிறார்கள். 1957 முதல் வருடத்துக்கு இரண்டு தடவை பெருஞ்சந்தை நடக்கும் குவாங்சோவும், சில்லறைச் சாமான்களின் தலைநகரமான யிவூவும் அவர்களுக்கு நன்கு பழகிய பெயர்கள்.

"குவாங்சோவுக்குப் போனா சாமான் எடுக்கலாம் அண்ணை. ஷங்காய்க்குப் போனா கட்டடம் பார்க்கலாம். நீங்கள் சொல்லுற ஊரில என்ன கிடக்கு?" என்று கேட்டார், அந்த வழியில் பலமுறை போய்வந்த கடைக்காரத் தம்பி ஒருவர்.

நியாயமான கேள்வி. ஷங்காயின் ஆற்றங்கரைக் கட்டட வரிசைக்கு இரவில் விளக்கேற்றினால் வாய்பிளந்து நிற்கலாம். ஹொங்கொங்கின் மலையுச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் காலடியில் கிடக்கும். இவற்றோடு போட்டிபோடும் வானளாவி எதுவும் சுவான்சோவிடம் இல்லை. பழைய நகரத்தில் கூரைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்பவை இரண்டு கற்கோபுரங்கள்தான். ஆனால், மேலே சொன்ன இரண்டு நகரங்களும் மீன்பிடிக் குடில்களும் சின்னச் சந்தையுமாக இருந்த காலத்தில், உலகத்தின் ஆகப்பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது சுவான்சோ. அரபுக் கடலோடிகள் அதைச் சைத்தூன் என்றார்கள். பாரசீகர், அரபிகள், ஆர்மீனியர், இத்தாலியப் பாதிரிமார், தமிழ் வணிகர் என்று எல்லோரும் அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார்கள்; தங்கள் தங்கள் சாமிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெயர் ஒலிப்பைக் கேட்டுக் குவாங்சோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குவாங்சோ தெற்கே குவாங்டொங் மாகாணத்தில் இருக்கிறது. சுவான்சோ இருப்பது தாய்வானுக்கு எதிர்க்கரையான ஃபூஜியன் மாகாணத்தில், ஜின் ஆறு கடலில் விழும் இடத்தில். 2020 குடிசன மதிப்பீட்டின்படி சுற்றுவட்ட நகரங்களையும் சேர்த்து அங்கே 87 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். 2021 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நகரத்தின் 22 இடங்களை ஒன்றாகச் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது.

காற்றுக்கு நேர்த்திக்கடன்

சுவான்சோவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் நகரத்துக்கு வெளியே உள்ள ஜியூரி மலைக்குப் போகவேண்டும். பெரிய மலை அல்ல. பாறைகளில் சீன எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் பத்து, காற்றை வேண்டிச் செய்த வழிபாட்டின் பதிவுகள். 1174 முதல் 1266 வரை இந்த வழிபாடு நடந்ததற்குப் பாறையே சாட்சி. மாவட்ட அதிபதியும் துறைமுக அதிகாரிகளும் பரிவாரத்தோடு மலையேறி, கப்பல்களுக்கு நல்ல காற்றுக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு, வந்தவர்களின் பெயர், பதவி, திகதி எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவைத்துப் போயிருக்கிறார்கள்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டியாரிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. வாடை தொடங்கினால் சீனத்துக் கப்பல்கள் தெற்கே இறங்கும். சோளகம் பிறந்தால் தெற்கே போனவையும் அயல்நாட்டுக் கப்பல்களும் வடக்கே ஏறும். வருடத்துக்கு இரண்டு காற்று, இரண்டு கும்பிடு. காற்றுப் பிந்தினால் வணிகருக்கு ஒரு வருடம் வீண். அரசுக்கு வரி வீண். தவறவிட்ட வணிகன் அடுத்த காற்றுவரை அந்நிய ஊரில்தான் காத்திருக்கவேண்டும். காத்திருப்பவனுக்குத் தங்க இடமும் பண்டசாலையும் கும்பிட ஒரு கோயிலும் தேவை. பன்னாட்டவர் கூடிவாழும் நகரம் உருவானதற்குப் பருவக்காற்று ஒரு பெருங்காரணம்.

இன்னொரு காரணம் நிர்வாகம். சொங் வம்ச அரசு 1087இல் சுவான்சோவில் கடல் வணிக அலுவலகம் ஒன்றைத் திறந்தது. கப்பல் வந்தவுடன் அதிகாரிகள் ஏறிப் பார்ப்பார்கள். சரக்கில் ஒரு பங்கை வரியாக எடுப்பார்கள். சில பொருட்களை அரசே வாங்கும். மிச்சத்தை விற்க அனுமதிச் சீட்டுக் கொடுக்கும். இன்றைய சுங்கத் திணைக்களம் மாதிரித்தான். அதற்கு முன்பு கப்பல்கள் முறைப்படி குவாங்சோவிலோ வேறு துறைமுகங்களிலோ பதிய வேண்டியிருந்தது. அலுவலகம் திறந்தபிறகு கப்பல்கள் நேரே இங்கே வந்தன. நூறு, நூற்றைம்பது வருடத்துக்குள் சுவான்சோ குவாங்சோவை முந்திவிட்டது.

சித்திரை மாதம், சித்திரை நாள்

சோழர் சீனத்துக்குத் தூது அனுப்பியது பாடப்புத்தகங்களில் வரும் செய்தி. இராசராசன் அனுப்பிய குழு 1015இல் சீன அரசவையை அடைந்தது. 1033இல் இராசேந்திரனின் தூதும், 1077இல் குலோத்துங்கன் காலத்துத் தூதும் போய்ச்சேர்ந்தன. அரசர்களின் தூதுவர் போனார்கள், வந்தார்கள். போய் அங்கேயே தங்கியவர்கள் வணிகர்கள்.

அவர்கள் போன வழியில் கல்வெட்டுகள் கிடக்கின்றன. ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு 1088இல் சுமாத்திராவின் பாருஸ் துறையில் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தது. இதே ஐந்நூற்றுவர் நமக்கும் அயலவர்கள்தான். வவுனியா மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால் கிடக்கும் பதவியாவில் அவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. வன்னிக் காட்டோரத்துக் குளத்தங்கரையில் கடை விரித்த குழுவின் கைதான் கற்பூரம் விளையும் சுமாத்திராவரை நீண்டது.

அந்த வழியின் கடைசி முனை சுவான்சோ. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சகம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று நாள் குறிக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்தி என்றும் அழைக்கப்பட்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், செகச்சைக் கானின் அனுமதி ஆணைப்படி, அந்தக் கானின் உடல் நலத்துக்காக ஒரு சிவாலயத்தில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் சாரம். ஆறு வரி தமிழ். அடியில் ஒரு வரி சீனம்.

வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சொங் வம்சத்தின் கடைசி எதிர்ப்பு 1279இல்தான் கடலில் முடிந்தது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் முழுச் சீனத்துக்கும் அதிபதியாகி இரண்டே வருடம். ஆட்சி மாறிய ஊரில், புது ஆட்சியின் கான் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் நலத்துக்கென்று ஒரு கோயில் எழுப்புகிறார் ஒரு தமிழர். பக்தியும் உண்டு, பிழைக்கத் தெரிந்த புத்தியும் உண்டு. புலம்பெயர்ந்த ஊரில் கோயில் கட்டக் காணி கேட்டு, நகரசபைக்கு விண்ணப்பம் எழுதி, திறப்புவிழாவுக்கு நகரபிதாவை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் நம் சனத்துக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்று நடப்பதற்குச் சம்பந்தப் பெருமாள் 700 வருடத்துக்கு முந்திய முன்னோடி.

புத்த கோயிலின் பின் விறாந்தை

அந்தக் கோயில் இன்று இல்லை. அது நின்ற இடத்தையும் யாரும் காட்டமாட்டார்கள். அதன் உடம்பின் துண்டுகள் என்று கருதப்படும் சில கற்களைப் பார்க்கக் கையுவான் புத்த கோயிலுக்குப் போகவேண்டும்.

கையுவான் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கோயில். அதன் இரண்டு கோபுரங்கள்தான் சுவான்சோவின் அடையாளம். மரத்திலும் செங்கல்லிலும் இருந்த அவற்றை 13ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லால் எழுப்பினார்கள். கிழக்குக் கோபுரம் 48 மீற்றர், மேற்குக் கோபுரம் 44 மீற்றர். ஊரில் புகைப்படம் எடுக்கும் கூட்டம் முழுவதும் அங்கேதான் நிற்கும். நாம் அவற்றைத் தாண்டி, பிரதான மண்டபத்தின் பின்புறம் சுற்றிப் போகவேண்டும்.

பின் விறாந்தையில் இரண்டு தூண்கள். மற்றத் தூண்களின் நிறமல்ல; கரும்பச்சை ஓடிய கல். வட்டமுமல்ல, பதினாறு பட்டை. ஒவ்வொன்றிலும் தட்டுப்போன்ற வட்டங்களுக்குள் புடைப்புச் சிற்பங்கள். கிட்டப்போய்க் குனிந்து பார்த்தால் மடியில் ஓர் உடலைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். இன்னொன்றில் குழந்தைக் கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கிறான். மற்றொன்றில் குளத்து முதலை யானையின் காலைக் கவ்வுகிறது, காக்க வருகிறார் திருமால். வேறொன்றில் கோபியரின் சேலைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியிருக்கிறான் அதே கண்ணன். நம் ஊர்த் தேர்களில் மரத்தில் பார்த்துப் பழகிய கதைகள் கல்லில் நிற்கின்றன.

ஆனால் அச்சாக நம் ஊர்ச் சிற்பமும் இல்லை. முகங்கள் கொஞ்சம் உருண்டிருக்கின்றன. உடையின் மடிப்பும் பூவேலையும் சீனத்துக் கையைக் காட்டிக்கொடுக்கின்றன. தமிழ் வணிகர் கதையையும் அளவையும் சொல்ல, உள்ளூர்ச் சிற்பாசாரிகள் உளி பிடித்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர் கருத்து. மண்டபத்தின் முன் மேடையின் அடித்தளத்திலும் சிங்கங்களும் மனித முகம் கொண்ட சிங்க உடல்களுமாகப் பலகைக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவையும் அந்தக் கோயிலிலிருந்து வந்தவை என்றே கருதப்படுகிறது. மிங் வம்ச காலத்தில் மண்டபத்தைத் திருத்தியவர்கள், இடிபாட்டில் கிடந்த நல்ல கற்களைக் கொண்டுவந்து பொருத்திக்கொண்டார்கள்.

ஊதுபத்திப் புகைக்குள் சனம் முன்புறம் புத்தரைக் கும்பிடுகிறது. பின்புறம் கண்ணன் நிற்கிறான். அவனை அகற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவனைக் காட்டி மண்டபத்தை உரிமை கோரவும் ஆளில்லை.

சுவான்சோ கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்னும் கற்கள் இருக்கின்றன. நின்ற கோலத்தில் ஒரு திருமால். இலிங்கத்துக்கு யானை பூச்சொரியும் பலகை ஒன்று. திருவானைக்காக் கதை தெரிந்தவர்கள் அதன் முன் சிறிது நேரம் நின்றுதான் நகர்வார்கள். பக்கத்து மண்டபங்களில் அரபு எழுத்துள்ள மீசான் கற்கள், தாமரைமேல் சிலுவை வெட்டிய கிறிஸ்தவக் கல்லறைக் கற்கள். அருகிலுள்ள ஜின்ஜியாங் பகுதிக் கிராமம் ஒன்றில் நான்கு கையுள்ள தேவி சிற்பமொன்றைச் சனம் குவான்யின் என்ற கருணைத் தாயாக இன்றும் கும்பிடுகிறது. யார் செய்த அம்மன் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. விளக்கு எரிகிறது, பழம் படைக்கிறார்கள்.

ஒரு தெருவில் மூன்று வாசல்

தூமென் தெருவில் நடந்தால் கொஞ்ச நேரத்துக்குள் மூன்று வாசல்களைக் கடக்கலாம். ஒன்று கன்பூசியஸ் கோயில். மற்றது போர்வீரத் தெய்வம் குவான்தியின் கோயில். எந்த நேரமும் சனமும் புகையும்தான். அதற்குப் பக்கத்திலேயே சிங்ஜிங் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400இல், அதாவது 1009–1010இல் கட்டப்பட்டு 300 வருடத்துக்குப் பின் திருத்தப்பட்டது. உயர்ந்த கல் வாசல், மேலே கூரான வளைவு. சீனக் கூரை ஒன்றும் இல்லை. மேற்காசியாவிலிருந்து பெயர்த்து வைத்த மாதிரி இருக்கும். தொழுகை மண்டபத்தின் கூரை விழுந்து பலகாலம். சுவர்கள் நிற்கின்றன, சுவர்களில் குர்ஆன் வசனங்கள் நிற்கின்றன, மேலே வெறும் வானம்.

பள்ளிவாசலில் ஒரு கல் இருக்கிறது. முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக்கூடாது என்று யொங்லே பேரரசர் 1407இல் இட்ட கட்டளை அதில் இருக்கிறது. இந்த யொங்லே பேரரசரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இன்னொரு கல் நம் நாட்டில் இருக்கிறது.

காலியில் ஒரு மதகுக் கல்

1911இல் காலி நகரில் மதகு ஒன்றை மூடியிருந்த கற்பலகையைப் புரட்டியபோது அடியில் எழுத்துகள் தெரிந்தன. மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். யொங்லே பேரரசர் அனுப்பிய கப்பற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள திகதி 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. தெனாவரை என்பது இன்றைய தெவிநுவர. நாயனார் அங்கே கோயில்கொண்டிருந்த திருமால். பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுமண எண்ணெய் என்று நீளும் பட்டியலில் ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுக்கவில்லை. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெருந்தன்மை மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதே செங் ஹே 1411இல் இலங்கையில் போரிட்டு, ஆட்சியாளர் அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். ஒரு கையில் காணிக்கை, மறுகையில் வாள். பிறகு 1417இல், அடுத்த பயணத்துக்கு முன், சுவான்சோவின் லிங்ஷான் மலையிலுள்ள இஸ்லாமிய அடக்கத்தலத்தில் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டார். அதைச் சொல்லும் கல் அங்கே நிற்கிறது. அங்கே போகிறவர்கள் கொழும்பில் காலிக் கல்லைப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பது விளங்கும்.

இரண்டு கரைக்கும் இடையில் நடந்தவர் இன்னொருவரும் உண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். யாழ்ப்பாண அரசரிடம் முத்துக் குவியல் இருந்ததையும் அவருக்குப் பாரசீகம் விளங்கியதையும் எழுதிவைத்தார். சிறிது காலத்தில் அவர் இறங்கிய சீனத்துறை சைத்தூன். அங்கே சுமார் நூறு பெருங்கப்பல்களைக் கண்டதாகவும் சிறு கலங்களை எண்ணி மாளாது என்றும் குறித்திருக்கிறார். நம் அரசரின் முத்துகள் போய் விலைப்பட்ட சந்தைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

சுவான்சோவின் மலைச்சாரல் ஒன்றில் இலங்கையின் பழைய சீனப் பெயர் பொறித்த கல்லறைகள் 1990களில் கண்டறியப்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை அரசிலிருந்து தூது போய், திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிய இளவரசர் ஒருவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று ஷி என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் சொல்கிறார்கள். 1459இல் இலங்கைத் தூது ஒன்று போனதை மிங் அரச ஏடுகளும் குறிக்கின்றன.

கப்பல், பாலம், பூமாலை

கல் பார்த்துக் களைத்தவர்களுக்கும் சுவான்சோவில் வேலை இருக்கிறது. கையுவான் கோயில் வளவிலேயே ஒரு கப்பல் கிடக்கிறது. 1974இல் குடாவின் சேற்றிலிருந்து எடுத்தார்கள். 1270களில் மூழ்கியது. எஞ்சிய உடலே 24 மீற்றர். பன்னிரண்டு குறுக்குச் சுவர்கள் கப்பலைப் பதின்மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகளுக்குத் தண்ணீர் போகாது. உள்ளே அகில் போன்ற வாசனைக் கட்டைகள், மிளகு, சாம்பிராணி, சோகி, கொட்டைப்பாக்கு எல்லாம் இருந்தன. யாருடைய சரக்கு என்று எழுதிய மரத்துண்டுகளும் அப்படியே இருந்தன.

லொயாங் பாலத்துக்குப் பின்னேரம் போவது நல்லது. 1053 முதல் 1059 வரை ஆற்றுமுகத்தில் கட்டிய கற்பாலம். இன்றும் 700 மீற்றருக்குக் குறையாமல் நடக்கலாம். வற்றும் பெருக்கும் மாறி மாறி அடிக்கும் சேற்றில் தூண் நிற்காது என்பதால் ஆற்றுக்குக் குறுக்கே முதலில் கற்களைக் கொட்டித் தளம் அமைத்தார்கள். நீரைக் கிழிக்கும்படி தூண்களுக்குப் படகின் முகம் கொடுத்தார்கள். பெருக்கு நேரத்தில் பாரக் கற்களைத் தெப்பத்தில் கொண்டுவந்து, வற்று இறங்கும்போது தூண்மேல் உட்காரவைத்தார்கள். கற்களை ஒட்ட, சிப்பி வளர்த்தார்கள். சிப்பி கல்லோடு கல்லாகப் படர்ந்து அடித்தளத்தைப் பூட்டிக்கொண்டது. பாலத்தடியில் சிப்பி எடுக்கத் தடையும் போட்டார்கள்.

சிப்பிதான் சுன்பு என்ற மீனவக் கிராமத்தின் வீடும் சோறும். பெரிய சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்களை இன்றும் பார்க்கலாம். அதைவிடப் பெயர்பெற்றது அங்குள்ள பெண்களின் கொண்டை. கொண்டையைச் சுற்றி மொட்டும் பூவுமாக வட்டம் வட்டமாக மாலை கட்டுவார்கள். எழுபது வயதுப் பாட்டியும் தலைநிறையப் பூவோடுதான் சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார். தலைக்குப் பூ வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்றாலும் இந்த அளவு பூவை நம் கலியாணப் பெம்பிளையும் சுமக்கமாட்டாள். அண்மைக் காலத்தில் இது பெரிய சுற்றுலா மோகமாகிவிட்டது. சீனாவெங்கும் இருந்து இளம்பெண்கள் வந்து, காசு கொடுத்துப் பூ வைத்து, படம் எடுத்துப் போகிறார்கள்.

சாப்பாட்டில் சிப்பி முட்டைப் பொரியலும், நூல்போன்ற மாவிழையைக் குழையக் காய்ச்சிய கஞ்சியும், இலையில் பொதிந்த இறைச்சிச் சோற்றுப் பொதியும் ஊர்ப் பெயர் சொல்லும். மலைப்பக்கத்து அன்சியில் விளையும் தியெகுவான்யின் தேயிலைக்குச் சீனியும் இல்லை, பாலும் இல்லை. விரல்நுனியளவுக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் கோப்பையில் பச்சைத் தண்ணிபோல் இருப்பது மூன்றாவதில் பிடித்துப்போகும். இரவில் மேற்குத் தெருப் பக்கம் நன்யின் இசை கேட்கலாம். 2009இல் யுனெஸ்கோ அங்கீகரித்த பழைய இசை. ஆறுதலாகக் கேட்கப் பொறுமை வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். குவாங்சோவுக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்கள் அங்கிருந்து கடுகதிப் புகையிரதத்தில் அரை நாளுக்குள் சுவான்சோவை அடையலாம். விமானத்தில் ஷியாமென் நகரில் இறங்கினால் அங்கிருந்து புகையிரதத்தில் அரை மணித்தியாலம் சொச்சம்தான்.

கூகுள் அங்கே வேலை செய்யாது. வரைபடமும் மொழிபெயர்ப்புச் செயலியும் இங்கேயே ஏற்றிக்கொள்ளுங்கள். சந்தைக் கிழவிகூடக் கைத்தொலைபேசியில்தான் காசு வாங்குவார். அலிபேயில் வங்கி அட்டையை இணைத்துக்கொண்டு போனால் தலையிடி இல்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் குறைவு. மச்சம் சாப்பிடாதவர்கள் கோயில்களை ஒட்டியுள்ள சைவ உணவகங்களைத் தேடலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை புயல் காலம். ஒக்டோபருக்குப் பின் போவது நல்லது. நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது.

பத்து வருடத்தில் போனது

இவ்வளவு பெரிய நகரம் எப்படி விழுந்தது? 1357இல் சுவான்சோவில் பாரசீகக் காவற்படையினர் கிளர்ந்தார்கள். பேரரசு தளர்ந்த நேரம். ஊர் பிரிவு பிரிவாகி அடித்துக்கொண்டது. 1366இல் கலவரம் அடக்கப்பட்டபோது அந்நியர் மீது பழிதீர்ப்பு நடந்தது. வணிகர் ஓடினார்கள், ஒளிந்தார்கள், சீனப் பெயர் சூடிக்கொண்டார்கள். அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தையே தடைசெய்தது. துறையும் மெல்லச் சேறு மூடியது. முந்நூறு வருடமாகச் சேர்த்தது பத்து வருடச் சண்டையில் போயிற்று. எல்லோருக்கும் இடம் கொடுத்ததால் எழும்பிய ஊர், அந்த இடத்தை மறுத்த நாளில் விழுந்தது. பிழைப்புத் தேடிக் கடல் தாண்டுவது பிற்காலத்தில் சுவான்சோக்காரரின் முறையாயிற்று. மணிலா, பினாங்கு, சிங்கப்பூர் எங்கும் ஹொக்கியன் பேசும் குடும்பங்களில் பல இந்தக் கரையிலிருந்து போனவை.

தமிழர் கோயிலின் கற்கள் நகர மதிலுக்குள் போயின. மதில் கட்டக் கல் வேண்டும். இடிந்த கோயிலிலும் கல்லறையிலும் கல் இருந்தது. 1920களில் வீதி போட மதிலை உடைக்கத் தொடங்கியபோது ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. கல்லுடைப்பவர்கள் அவற்றைப் படிக்கட்டுக்கும் அத்திவாரத்துக்கும் விற்றார்கள்.

அப்போது வூ வென்லியாங் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். படிப்பித்தது உயிரியல். தமிழ் தெரியாது, அரபு தெரியாது. அந்தச் சாமிகளில் ஒன்றும் அவருடையதல்ல. ஆனால் இது எறியும் கல்லல்ல என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன் சம்பளக் காசில் கல்லுக்காரர்களிடம் விலைபேசி வாங்கினார். வாங்க முடியாததைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1957இல் சுவான்சோவின் சமயக் கற்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. திரட்டிய கற்களை அரசிடம் கொடுத்தார். 1959இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகத்தின் கற்கூடத்துக்கு அவர் உழைப்பே அடிப்படை.

நம் பக்கத்துக் கற்கள்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போய்த் திருக்கேதீச்சரத்தில் கும்பிடுகிறவர்கள், பக்கத்தில் கிடக்கும் மாந்தை மேட்டை எட்டிப் பார்ப்பது குறைவு. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் மேற்காசிய மட்பாண்டங்களோடு கலந்து கிடைத்தன. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் சொங் காலத்துப் பீங்கான்கள் கிடைத்தன; 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்திலிருந்தே ஆட்கள் வந்து அங்கே அகழ்ந்தார்கள். சுவான்சோ பாதையின் இந்த முனை நம் வீட்டுக் கோடிக்குள் இருக்கிறது.

ஆனால் பழைய கல் என்ற பேச்சை எடுத்தாலே நமக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. வெடுக்குநாறி மலையும் குருந்தூர் மலையும் சைவமா பௌத்தமா என்ற தகராறில் வழக்கும் பொலிஸுமாகச் செய்தியில் வரும் மாவட்டங்களில் வாழ்கிறோம். கல் கண்டெடுக்கப்பட்டால் அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முதல், யாருடையது என்று கேட்கிறோம். மற்றப் பக்கமும் அதையேதான் கேட்கிறது. பயத்தில், கிடைத்ததைச் சொல்லாமல் மண்ணைப் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

அதனால்தான் வூ வாத்தியாரின் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. தொல்பொருளைத் தூக்கிக்கொண்டு வர நம் நாட்டில் சட்டம் விடாது, தூக்கவும் தேவையில்லை. குளக்கட்டிலோ வயலிலோ கோயில் திருப்பணியிலோ ஒரு கல் வெளிவந்தால், இருந்த இடத்திலேயே வைத்து, அளவுகோலோடு நாலு பக்கமும் படம் எடுத்து, நாளையும் இடத்தையும் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூட நூலகத்தில் வைக்க ஓர் ஆசிரியரும் பத்துப் பிள்ளைகளும் போதும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் வழிகாட்ட அங்கே ஆளிருக்கும். தமிழ்க் கல், சிங்களக் கல், சோனகர் கல் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதவேண்டும். நம்முடையதை மட்டும் எழுதும் கொப்பியை மற்றவர் நம்பமாட்டார்கள். எல்லாவற்றையும் எழுதும் கொப்பிதான் ஒருநாள் வழக்கிலும் வரலாற்றிலும் நிற்கும்.

கடைக்காரத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னபோது அடுத்த கொள்வனவுக்குப் போகையில் ஒருநாள் கூட்டிக்கொண்டு சுவான்சோவைப் பார்த்து வருவதாகச் சொன்னார். போகட்டும், தூண்களைப் பார்க்கட்டும். அதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மாந்தைக்குப் போய்வந்தால், அங்கே எதைப் பார்க்கப் போகிறோம் என்பது இங்கேயே விளங்கிவிடும். அதற்கு விசாவும் தேவையில்லை.